குண்டுமல்லியின் பனிக்காலம்

திருச்சிராப்பள்ளியில் பனிக்காலம் என்பது உறைபனிக் காலம் அல்ல. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் சராசரியாக 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். சில இரவுகளில் இன்னும் கொஞ்சம் குறையும். தண்ணீர் உறையும் இரவு இங்கே கிடையாது. அப்படியிருந்தும் குண்டுமல்லிக்கு ஆண்டிலேயே கடினமான பருவம் ஐப்பசியில் தொடங்கித் தை முடிய நீளும் இந்த நான்கு மாதங்கள்தான். அந்தநல்லூர் வட்டாரத்தில் எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கம் மல்லிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கும், ஸ்ரீரங்கத்தில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இரண்டு மூடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பங்குனியில் செடி பூத்துக் குலுங்குமா, இலையும் குச்சியுமாக நிற்குமா என்பது இந்த நான்கு மாதங்களில் முடிவாகிவிடுகிறது.

குண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி. பழைய கிளையில் அது பூப்பதில்லை. புதிதாக ஓடும் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். தளிர் ஓட வெப்பம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். திருச்சியில் ஆனி மாதப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நீடிக்கிறது, மார்கழிப் பகலோ ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. அதோடு ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டமும் இரவுக் குளிர்ச்சியும் சேரும்போது செடியின் ஓட்டம் தளர்கிறது. தளிர் குட்டையாகிறது, அரும்பு ஒன்றிரண்டாகக் குறைகிறது, இருக்கும் அரும்பும் சிறுத்து மெல்லப் பருக்கிறது. செடி நோயுற்றதற்கான அடையாளமல்ல இது. ஓய்வெடுக்கும் செடியை ஓய்வெடுக்க விடுவதே பனிக்காலப் பாதுகாப்பின் அடிப்படை. அதைத் தட்டி எழுப்பப் போடப்படும் உரமும் தண்ணீரும் பெரும்பாலும் கெடுதலில் முடிகின்றன.

இந்த நான்கு மாதங்களில் முதல் இரண்டு ஈரத்தின் மாதங்கள், அடுத்த இரண்டு பனியின் மாதங்கள். செடியைக் கொல்வது பனியல்ல, ஈரம். திருச்சி மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. புயல் சின்னம் ஒன்று வங்கக் கடலில் உருவானால் மூன்று நாள் கொட்டித் தீர்க்கும், பிறகு பத்து நாள் வெறிச்சோடும். காற்று மல்லிக்குப் பெரிய பகையல்ல. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் தென்னையையும் வாழையையும் அடியோடு சாய்த்தது. இடுப்பளவே உயரும் மல்லியை அப்படிச் சாய்ப்பதற்கில்லை. புயல் விட்டுப்போகும் தண்ணீர்தான் அதன் பகை. வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் மண்ணிலுள்ள காற்று வெளியேறிவிடும். மூச்சு முட்டிய வேர் கறுத்து அழுகும். தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு செடி தாகத்தால் வாடுவதுபோலத் தோன்றும். அதைப் பார்த்து மேலும் ஒரு குடம் ஊற்றுபவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

மண்ணைப் பொறுத்து இந்த ஆபத்து கூடும், குறையும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண். மணல் கலந்த இடங்களில் தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் ஆறு நிறைந்து ஓடும்போது நிலத்தடி நீரும் உயர்ந்து வேரைத் தொடக்கூடும். தெற்கே நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் நிலைமை வேறு. அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி அமைந்திருக்கும் அந்தப் பகுதியில் களர் நிலம் அதிகம். களர் மண்ணில் சோடியம் மிகுந்திருப்பதால் நனைந்ததும் குழம்பி, துளைகள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கும். அத்தகைய நிலத்தில் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி, சோடியத்தை வடித்து வெளியேற்றாமல் மல்லி வைப்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் செடிகளைப் பறிகொடுப்பதற்குச் சமம்.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் வடிகாலைச் சரிசெய்துவிட வேண்டும். கோடையில் தண்ணீரைத் தேக்க மூட்டைச் சுற்றி வெட்டிய வட்டப் பாத்தி மழைக்காலத்தில் குழியாக மாறிச் செடிக்கே எதிரியாகிறது. அந்தக் குழியை மூடி, மூட்டை ஒட்டி மண்ணை மேடாக அணைத்து, இரண்டு வரிசைக்கு ஒரு வாய்க்கால் என்று வெட்டி, கொல்லையின் தாழ்ந்த மூலையில் வரப்பைத் திறந்துவிடுவது வழக்கம். மழை நாட்களில் மூட்டருகே கொத்தக் கூடாது. அறுபட்ட சல்லிவேர் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. 2005 நவம்பரில் நேர்ந்ததுபோல ஆறுகள் பெருக்கெடுத்துத் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தால், தண்ணீர் வடிந்ததும் மூட்டின் மேல் படிந்த புது வண்டலை விலக்கிவிட வேண்டும். வண்டல் நல்ல உரம்தான், ஆனால் தண்டின் கழுத்தை அது மூடிக்கிடப்பது நல்லதல்ல.

மழைக்காலத்தில் இலை மஞ்சளாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. இளம் இலையில் நரம்புகள் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. ஈரமும் களரும் சேர்ந்து அதை வேர் எடுக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். கிளை முழுவதும் அடியிலிருந்து மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேரழுகல். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கரைத்து மூட்டைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும். முற்றிலும் பட்டுப்போன செடியை வேரோடு பெயர்த்து எரிப்பது நல்லது. அந்த இடத்தில் உடனே மறுநடவு செய்தால் பூசணம் புதுச் செடியையும் பிடிக்கும்.

கார்த்திகையின் நடுவில் மழை ஓயத் தொடங்கும்போது கவாத்தின் காலம் வருகிறது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே, செடி முழுவதையும் வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய் தாக்கிய கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று உரசும் கிளை எல்லாம் போகும். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு இது பாதுகாப்பாகத் தோன்றாது, அழிப்பாகத்தான் தோன்றும். குளிர் நாடுகளில் செடியைப் போர்த்திக் காக்கிறார்கள். திருச்சியில் செடியை மொட்டையடித்துக் காக்கிறார்கள்.

அதற்குத் தெளிவான காரணம் உண்டு. மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் பெருகியிருக்கும். அந்த இலைகள் செடியில் இருந்தால் மார்கழிப் பனியின் ஈரத்தில் பூசணம் தங்கிக்கொண்டு தையில் வரும் தளிரைத் தாக்கும். மொட்டுப் புழுவும் பூ ஈயும் பழைய அரும்புகளையும் மூட்டடி மண்ணையும் அண்டித்தான் தலைமுறை கடக்கின்றன. இலையும் அரும்பும் இல்லாத செடியில் அவற்றுக்குத் தங்க இடமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது கிளைகளின் ஓய்வு. வேரிலும் தடித்த தண்டிலும் சேமித்த உணவு பலவீனமான நுனிகளுக்குச் சிதறிப்போகாமல், வெட்டுவாய்க்குக் கீழே உறங்கும் கணுக்களில் தேங்கி நிற்கும். வெயில் திரும்பியதும் எல்லாக் கணுவும் ஒரே நேரத்தில் வெடிக்கும். பங்குனியில் பூ ஒரே வீச்சாக வருவதற்கு இதுவே அடித்தளம்.

வெட்டுவதிலும் நேர்த்தி வேண்டும். மழை பெய்யும் நாளில் வெட்டக் கூடாது. கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கி, அந்தக் காயம் ஆறாமல் கீழ்நோக்கிக் காயும். விரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டுவாய்களில் போர்டோ பசை தடவுவது நல்ல வழக்கம்: ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் பத்து லிட்டர் தண்ணீரில் குழைத்தது. இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பிறகுதான் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கவாத்துக்குப் பின் மூட்டைச் சுற்றி லேசாகக் கொத்தி, செடிக்குப் பத்து கிலோ தொழு உரமும், ஆண்டுக்குரிய தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் ஆகியவற்றில் பாதியும் இட வேண்டும். மறுபாதி ஆனி, ஆடிக்கு உரியது. பசுமை வேண்டும் என்று யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் பனிநாளில் நீர்த்த தளிர் வந்து செம்பேனுக்கும் பூசணத்துக்கும் விருந்தாகும்.

இந்த முறை தெரியாத மல்லி விவசாயி திருச்சி வட்டாரத்தில் இருக்க முடியாது. தெரிந்தும் பலர் கவாத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அறியாமை அதற்குக் காரணமல்ல, சந்தை. மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழா. பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளுக்கு மேல் ஊர் நிறைந்திருக்கும். அது முடிந்ததும் பொங்கல். அதன் பின் தை முகூர்த்தங்கள். பூவின் தேவை உச்சத்துக்கு ஏறும் இந்த நாட்களில்தான் செடி பூப்பதில்லை. கோடையில் கூடைகூடையாக வந்து விலையின்றிக் கிடக்கும் குண்டுமல்லி, தை முகூர்த்த நாளில் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையிலும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. செடியில் நாலு அரும்பு தெரியும்போது அதை வெட்டி எறிய மனம் வராததில் வியப்பில்லை. ஆனால் மார்கழியில் கிடைக்கும் அந்த அரைக்கிலோவுக்காகக் கவாத்தைத் தை வரை நீட்டினால், பங்குனிப் பூ சித்திரைக்குத் தள்ளிப்போகிறது. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கி, கூடைகூடையாகப் பூ அம்மனுக்குச் சாற்றப்படும் வாரங்களில் கொல்லை இன்னும் தளிர்ப்பருவத்தில் நிற்கும். கணக்குப் பார்த்தால் நட்டம் செடிக்கு மட்டுமல்ல.

பனிக்காலத்திலும் பூ வேண்டும் என்பவருக்கு வேறு வழிகள் உண்டு. கொல்லையைப் பிரித்து, ஒரு பகுதியைச் செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து செய்தால் அந்தப் பகுதி மார்கழியில் ஓரளவு பூக்கும். விளைச்சல் கோடையின் அளவுக்கு வராது, விலை அதை ஈடுகட்டும். ஆனால் அந்தக் கவாத்தின் புதுத் தளிர் நேராக ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. வடிகால் நன்றாக உள்ள மேட்டு நிலத்தில் மட்டுமே இதைச் செய்யலாம். இன்னொரு வழி இனத்தை மாற்றுவது. காக்கடா குளிர்காலத்திலும் பூக்கும்; மணம் குறைவு, ஆனால் சரம் தொடுக்க ஏற்றது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்புடையது. முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி என்று காலங்கள் வேறுபடுகின்றன. எல்லா மல்லிகை இனங்களையும் ஒரே நாளில் வெட்டிவிடும் வீட்டுத் தோட்டக்காரர் ஒன்றைக் காப்பாற்றி மற்றவற்றைக் கெடுக்கிறார்.

கோயில் நந்தவனங்கள் இந்தச் சிக்கலை நெடுங்காலமாகவே வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் துளசியும் பூவும் சாற்றித் தொண்டு செய்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய மதுரகவி நந்தவனமும் பெருமாளுக்கு மாலை கட்டி அனுப்பும் பணியைத் தொடர்கிறது. நந்தவனம் ஒரே பூவை நம்புவதில்லை. துளசி, சம்பங்கி, மரிக்கொழுந்து, செவ்வந்தி என்று பருவத்துக்கு ஏற்ப மாறி மாறி மாலை அமையும். பல பூவும் பச்சையும் சேர்ந்த திருச்சிக் கதம்பத்துக்கும் இது பொருந்தும். மல்லி குறைந்த மாதத்திலும் கதம்பம் நிற்பதில்லை. இறைவனுக்கான தோட்டத்தில் செடிக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது, சந்தைக்கான தோட்டத்தில்தான் அதற்குப் போராட வேண்டியிருக்கிறது.

வீட்டுச் செடிக்கு வரும் தொல்லைகள் வேறு. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளின் கொல்லைப்புறம் சுருங்கி, பக்கத்தில் அடுக்குமாடிகள் எழுந்தபின் பனிக்கால நிழல் பெரிய சிக்கலாகிவிட்டது. சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்து செல்கிறது. அப்போது நண்பகலில்கூடப் பத்தடி உயர மதிலின் நிழல் வடக்கே ஏறக்குறைய ஏழடி விழும். ஆனியில் அதே மதிலின் நண்பகல் நிழல் தெற்கே, இரண்டடிக்குச் சற்று மேல்தான். கோடையில் நல்ல வெயில் பட்ட மூடு மார்கழியில் முழு நிழலில் கிடப்பது இதனால்தான். நட்ட செடியை நகர்த்த முடியாது. தொட்டிச் செடியை மதிலின் தெற்குப் பக்கமோ மாடிக்கோ மாற்றிவிடலாம். தொட்டியின் அடித்தட்டில் மழைநீர் நின்றால் அது வேருக்குக் குளம். ஐப்பசியில் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல் மேல் தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். பனிநாளில் தண்ணீர் காலையில்தான் ஊற்ற வேண்டும், அதுவும் மேல்மண் விரல்கணு ஆழத்துக்குக் காய்ந்தபின். மாலையில் இலைமேல் தெளித்தால் இரவுப் பனியோடு சேர்ந்து விடியும்வரை இலை ஈரமாகவே இருக்கும்.

போர்வை தேவைப்படும் பனி தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில்தான் உண்டு. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் அலங்காரச் செடிகளை மிலார் எனப்படும் செடிகளால் மூடி வைக்கிறார்கள். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் வானுக்குப் போய்விடாமல் தடுக்கிறது. அதனால் போர்வை தரை வரை இறங்க வேண்டும், காலையில் வெயில் ஏறியதும் விலக வேண்டும். திருச்சியில் ‘குளிருக்குப் பாதுகாப்பு’ என்று மல்லியைப் பிளாஸ்டிக் தாளால் மூடுவது வீண். உள்ளே ஈரம் தேங்கிப் பூசணத்தைத்தான் வளர்க்கும்.

குண்டுமல்லியை மெய்யாகவே குளிரிலிருந்து காக்க வேண்டியிருந்தவர்கள் கடல் கடந்த நாட்டினர். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து ஆண்ட டஸ்கனிப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவிலிருந்து அடுக்கு மல்லியை வரவழைத்தார். காஸ்டெல்லோ மாளிகைத் தோட்டத்தில் அதற்கென்றே ஒரு கதகதப்பு மனை கட்டி, குளிர்காலம் முழுவதும் அதற்குள் வைத்துக் காத்தார். ஒரு குச்சியைக்கூட வெளியே தர மறுத்தார் என்று கதை சொல்கிறார்கள். அந்த அடுக்கு மல்லி இன்றும் மேலைநாட்டு நாற்றுப் பண்ணைகளில் டஸ்கனிப் பெருங்கோமகன் என்ற பெயரில்தான் விற்பனையாகிறது.

டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழர் வீடுகளில் மல்லியும் கறிவேப்பிலையும் இப்போது இதே வாழ்க்கைதான் வாழ்கின்றன. இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கும் முன்பே, டொராண்டோவானால் செப்டம்பரில், தொட்டி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். உள்ளே கொண்டுவரும் முன் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவது அவசியம். ஒரு செம்பேன் உள்ளே நுழைந்தாலும் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் அது ஆயிரமாகும். வடகோளத்தில் தெற்கு நோக்கிய சன்னலே சிறந்தது, ஆனால் கண்ணாடியை இலை தொடக் கூடாது. இலை உதிர்வது இயல்பு. அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். மீண்டும் வெளியே வைப்பது மே மாதக் கடைசியில்தான், அதுவும் முதலில் நிழலில், பிறகு படிப்படியாக வெயிலில்.

திருச்சியில் செடி அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தை நடுவில் கவாத்து செய்த மூட்டில் கணுக்கள் புடைக்கத் தொடங்கும். அதுவரை கட்டுப்படுத்தியிருந்த தண்ணீரை அப்போது சீராகக் கொடுக்கலாம். மேட்டூர் அணை ஜனவரி 28 அன்று மூடப்படுவது வழக்கம் என்பதால், அதன் பின் வாய்க்கால் தண்ணீரை நம்பாமல் கிணற்றையும் சொட்டு நீரையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். தளிர் ஒரு சாண் ஓடியதும் கூட்டமாக எழுந்த குச்சிகளில் மெலிந்தவற்றைக் கிள்ளிவிட்டால் மற்றவை திரளும். மாசியில் முதல் அரும்பு தென்படும்போது ஊதா நிறமேறிய அரும்பைத் தேட வேண்டும். மொட்டுப் புழுவோ பூ ஈயின் புழுவோ உள்ளே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட முதல் அரும்புகளைப் பறித்து அழித்துவிட்டால், அடுத்த வீச்சுக்குப் புழுவின் எண்ணிக்கை குறையும். அதன் பிறகு பறிப்பு தொடங்குகிறது: விரியாத அரும்பாக, விடியும் முன், அன்று மாலை விரியப்போகிற வெள்ளை மொட்டை மட்டும் பார்த்து.